சித்தப்பா கேஸ்: 7 லட்சமா?

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

செல்வி சித்தி: அவருடைய விபத்து நஷ்டஈட்டு கேஸ் விஷயமாக நாளைக்கு இன்சூரன்ஸ் வக்கீல் பேசக் கூப்பிட்டிருக்கிறார். சமாதானமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் 7 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறார். என்ன சொல்லட்டும்?

பெரியப்பா: வாங்கிக்கொள்ளம்மா. கேஸ் இழுத்தால் எத்தனை வருஷமோ.

கவிதா: பெரியப்பா, கொஞ்சம் பொறுங்கள். சித்தி, எந்தக் கணக்கில் 7 லட்சமாம்?

செல்வி சித்தி: டாக்டர் சர்டிபிகேட்டில் வலது கைக்கு 45 சதவீதம். உடம்பு முழுவதுக்கும் பார்த்தால் 15தான் வருமாம்.

கவிதா: அங்கேதான் இடிக்கிறது. கை எவ்வளவு போனது என்று டாக்டர் சொல்வார். சம்பாத்தியம் எவ்வளவு போனது என்று விபத்து கேஸைக் கேட்கும் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யும். 2010ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான். இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகலாம், அரசாங்க கிளார்க்குக்கு வேலை தங்கலாம்.

பாலா: சித்தப்பாவும் தச்சர்தானே, அவருக்கு வலது கை வேறு. கணக்குப் போடு அக்கா.

கவிதா: விபத்தின்போது வயது 38. மாதம் 18,000 என்று வைப்போம். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே, அதனால் வருங்கால வருமானத்துக்கு 40% சேரும். 25,200. வருஷத்துக்கு 3,02,400. அந்த வயதுக்கு வருஷ வருமானத்தைப் பெருக்கும் எண் 15. மொத்தம் 45,36,000.
அதில் 15% என்றால் 6,80,400. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனைக்கெல்லாம் தனியாக வர வேண்டும். எல்லாவற்றையும் 7க்குள் அமுக்கப் பார்க்கிறார்!

செல்வி சித்தி: 18,000க்கு என்னடி சாட்சி? சம்பளச் சீட்டா இருக்கிறது?

கவிதா: கான்ட்ராக்டர் வந்து சொல்வாரா? ஜிபே வரவு, கூலி நோட்டு ஏதாவது?

செல்வி சித்தி: நோட்டு இருக்கிறது. ‘நிலை 1, கதவு 2, பாக்கி 1,500’ என்று அவர் கையாலேயே எழுதியது.

பாலா: இப்போது பிளைவுட் கடையில் 9,000 வாங்குகிறாரே, அதைச் சொல்ல வேண்டாம்தானே?

கவிதா: மறைக்கவே கூடாதுடா. குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் நோட்டையும் நம்ப மாட்டார்கள். 18,000 வாங்கியவர் 9,000க்கு வந்துவிட்டார், அதுவே நமக்கு ஆதாரம். பாதி என்று எடுத்தாலே 22,68,000.
டாக்டரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். இழைப்புளியை அழுத்தித் தள்ள முடியுமா, உளி பிடியில் நிற்குமா என்று கேட்க வேண்டும்.

செல்வி சித்தி: எங்கே நிற்கும்? நேற்று பாப்பாவுக்குப் பென்சில் சீவ முடியாமல் என்னிடம் நீட்டினார்.

பெரியப்பா: லோக் அதாலத்தில் முடித்தால் அப்பீல் கிடையாதே கவிதா?

கவிதா: கிடையாது பெரியப்பா. அதனால்தான் சொல்கிறேன். சமாதானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. செலவெல்லாம் தனியாகத் தந்து, 20க்கு மேலே வந்தால் பேசலாம். நாளைக்கு எதிலும் கையெழுத்து வேண்டாம். நம் வக்கீலிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பெரியப்பா: சரி. செல்வி, நானும் வருகிறேன். 10 மணிக்குத் தயாராக இரு. நோட்டை இப்போதே பையில் எடுத்து வை.