மறுமொழி: 'காஸ்பேரியன் பட்டை'க்குப் பதில் 'வேர்க்கச்சை' என்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செடியின் வேருக்குள் இருக்கும் 'காஸ்பேரியன் பட்டை' என்ற தடுப்பைத் தமிழில் 'வேர்க்கச்சை' என்று சொல்லலாமா என்பதுதான் இந்த இழையின் பேச்சு. எங்கள் பக்கம் 'பட்டை' என்றால் ரப்பர் மரத்துப் பட்டைதான். பட்டையைக் காயம்படாமல் எப்படிச் சீவுவது என்ற பேச்சைக் கேட்டே தோட்டத்தில் வளர்ந்தோம். பிள்ளைகள் உயிரியலைப் பள்ளியில் மலாயில் படிக்கிறார்கள். மாலை வகுப்பில் நான் தமிழில் விளக்குவேன். போன வாரம் 'காஸ்பேரியன் பட்டை' என்று சொன்னதும், ஒரு பிள்ளை செம்பனைக் கன்றின் வேரை எடுத்து மேல்தோலை நகத்தால் சுரண்டி, "இதுதானே சார்?" என்று காட்டியது. பிள்ளை மேல் தப்பில்லை, சொல்தான் அப்படி இழுத்துக்கொண்டு போகிறது. நாம் பேசுவது வேரின் வெளியே இருப்பது அல்ல. புறணி என்ற வெளிப்பகுதியைத் தாண்டி உள்ளே, அகத்தோல் என்ற ஓரடுக்குச் செல்களின் சுவரில் இருப்பது.

ஈப்போ ஐயா நேற்று எழுதியது:

> 'தடுப்புப் பட்டை' என்றாலே போதுமே. செய்யும் வேலை பெயரிலேயே இருக்கிறது.

பாதி வேலைதான் இருக்கிறது ஐயா. புறணியின் செல்களைத் தோட்டத்து லயன் வீடுகள் (வரிசை வீடுகள்) என்று வைத்துக்கொள்வோம். மண்ணிலிருந்து வரும் நீரும் அதில் கரைந்த உப்புகளும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல், வீடுகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகவே அகத்தோல் வரை வந்துவிடலாம். அங்கே சந்து அடைத்திருக்கிறது. இனி ஒரு வாசல் வழியாகப் போனால்தான், நீரை மேலே கொண்டுபோகும் குழாயான சைலம் இருக்கும் பக்கம் போகலாம். வாசலில் நிற்பது செல் சவ்வு. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பார்ப்பது அதுதான். ஆக, சந்தை அடைத்து எல்லாவற்றையும் அந்த வாசலுக்குத் திருப்பிவிடுவதே இந்தப் பட்டையின் வேலை.

இன்னொன்றும் உண்டு. உள்ளே சேர்த்த சத்து மறுபடி மண் பக்கம் கசிந்து போகாமலும் அது பார்த்துக்கொள்கிறது. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில், ஒரு மரபணு பழுதானதால் இந்த அமைப்பு தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாக அமையும் ஒரு வகையை ஆராய்ந்தார்கள். அதன் இலையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. செம்பனைக்கு எம்ஓபி என்ற பொட்டாசியம் உரம் போட்டவர்களுக்கு பொட்டாசியம் குறைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மரபணுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷெங்கன்': ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஒப்பந்தத்தின் பெயர். பெயர் வைத்தவர்களும் சுவரை நினைக்கவில்லை, சோதனைச்சாவடியைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

சரி, ஏன் கச்சை? வடிவத்தைப் பாருங்கள். அகத்தோல் செல்லை ஒரு செங்கல் என்று கொண்டால், மேல், கீழ், இரு பக்கம் ஆகிய நான்கு சுவர்களையும் சுற்றி ஒரு வார் ஓடுகிறது. மண்ணைப் பார்க்கும் சுவரிலும் சைலத்தைப் பார்க்கும் சுவரிலும் அது கிடையாது. பக்கத்துச் செல்லின் வாரோடு ஒட்டியே இருப்பதால் இடுக்கே இல்லை. முதலில் எனக்கு 'அரைஞாண்' என்றுதான் தோன்றியது. இடுப்பைச் சுற்றிய கயிறு போலவே இருக்கிறது. ஆனால் கூட்டுச்சொல்லில் நீண்டுபோகும். 'வேர்க்கச்சை' சுருக்கமாக இருக்கிறது. கிள்ளான் அக்கா, பிள்ளைகள் மார்க்கச்சையை நினைத்துச் சிரிப்பார்கள் என்றீர்கள். ஒரு நாள் சிரிப்பார்கள். படத்தைப் பார்த்த பிறகு மறக்கமாட்டார்கள். காஸ்பேரியின் பெயரையும் விட்டுவிட வேண்டாம். 1865-இல் இதை விவரித்தவர் அந்த ஜெர்மானியர். கட்டுரையில் முதல் தடவை வரும்போது 'வேர்க்கச்சை (காஸ்பேரியன் பட்டை)' என்று எழுதினால் பழைய பாடநூல் படித்தவர்களுக்கும் வழி தெரியும்.

இழையில் பலர் சூபரின் (நீரை உள்ளே விடாத மெழுகு போன்ற பொருள்) படலத்தையும் இதையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். தயவுசெய்து பிரித்து எழுதுங்கள், ஏனென்றால் சத்துக்கு ஏற்ப வெகுவாக மாறுவது அந்தப் படலம்தான். கச்சை, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினால் ஆனது. சூபரின் அதற்குப் பிறகு வந்து செல்லை முழுசாக மூடும். சவ்வின் வாசலே மறைந்துவிடும். 2016-இல் லோசான் பல்கலைக்கழகக் குழு அராபிடாப்சிஸில் காட்டியது: பொட்டாசியமோ கந்தகமோ குறைந்தால் சூபரின் கூடுகிறது, இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு குறைந்தால் சூபரின் குறைகிறது. எது பற்றாக்குறை என்பதைப் பொறுத்து செடி தன் வேரை மூடவும் திறக்கவும் செய்கிறது. மரத்தின் தக்கையில் இருப்பதும் சூபரின்தான். அதனால் இந்தப் படலத்தைத் 'தக்கைப்பூச்சு' என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. பூச்சு என்றால் பூசவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம்.

தக்கைப்பூச்சு படியாமல் நிற்கும் செல்களுக்குப் பாடநூலில் 'வழிச்செல்கள்' என்று இருக்கிறது. அது நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்.

எனக்கு முடிச்சு அவிழாத இடம் ஒன்று உண்டு. பல செடிகளில் புறணியின் வெளி அடுக்கான எக்சோடெர்மிசிலும் இதே போன்ற கச்சை இருக்கிறது. அப்படியானால் 'அகக்கச்சை', 'புறக்கச்சை' என்று பிரிக்கலாம். ஆனால் எக்சோடெர்மிசுக்கே என்ன பெயர்? 'புறத்தோல்' ஏற்கெனவே வேரின் மேல் அடுக்கான எபிடெர்மிசுக்குப் போய்விட்டது. யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து