கியூட் நுழைவுத் தேர்வு: வரலாறு, அரசியல் அறிவியல் எடுப்பவர்கள் மார்க்கை எங்கே விடுகிறார்கள்? – அனுபவப் பகிர்வு

திண்ணைப்பள்ளி:

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் தேர்வுதான் வாசல். டெல்லி, பனாரஸ், புதுச்சேரி, நம் திருவாரூர் என்று எங்கே போக நினைத்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். நீட்டுக்கும் ஜேஇஇக்கும் தமிழில் வழிகாட்டிகள் குவிந்து கிடக்கின்றன. கலைப் பாடம் எடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் ஆள் குறைவு. சொல்லிக்கொடுத்தும் வினாத்தாள்களை அலசியும் பழகியவர்கள் கண்டதை இங்கே எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். எங்கே தப்பு நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

முதலில் அமைப்பு. 2025 முறைப்படி ஒரு தாளில் 50 கேள்விகள், 60 நிமிடம், எல்லாக் கேள்வியும் கட்டாயம். சரியான விடைக்கு 5 மார்க், தப்புக்கு 1 மார்க் கழிவு, ஆக ஒரு தாளுக்கு 250. அதிகபட்சம் 5 தாள் எழுதலாம். அதற்கு முன் சில கேள்விகளை விட்டுவிடும் சலுகை இருந்தது. பழைய கைடுகளில் இன்னும் அந்தக் கணக்குத்தான் இருக்கிறது, அதைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

செங்கல்பட்டு டீச்சர்:

வரலாற்றில் பெரிய சறுக்கல் தேர்வு அறையில் நடப்பதில்லை. புத்தகம் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. நம் மாநிலப் பாடநூலில் 12ஆம் வகுப்பு வரலாறு தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி, பின்பாதியில் ஐரோப்பாவுக்கும் உலகப் போர்களுக்கும் போய்விடும். கியூட் வரலாறு, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்பு மூன்று பகுதிப் புத்தகத்தை ஒட்டியது. ஹரப்பாவில் தொடங்கி அரசியல் நிர்ணய சபையில் முடியும். அதாவது நம் பிள்ளைகள் 11ஆம் வகுப்பில் படித்து மூடி வைத்த பகுதியில்தான் பாதிக் கேள்வி. 12ஆம் வகுப்பில் உருப்போட்ட பிரெஞ்சுப் புரட்சிக்கு இங்கே வேலையே இல்லை.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். கியூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை அந்த ஆண்டுக்கு வெளியிட்ட பாடத்திட்டத்தை முதலில் அச்செடுங்கள். பிறகு மாநில 11ஆம் வகுப்பு நூலில் அந்தப் பகுதியை ஒரு தடவை தமிழில் படித்து, கதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் என்சிஇஆர்டியை வரி வரியாகப் படியுங்கள். 2022 சீரமைப்பில் அந்த நூலின் 15 அத்தியாயங்களில் மூன்று நீக்கப்பட்டன: முகலாய அரசவை, காலனிய நகரங்கள், பிரிவினை. பழைய 15 அத்தியாயப் புத்தகம் கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பாடத்திட்டத் தாளோடு ஒப்பிட்ட பிறகே எதை விடலாம் என்று முடிவு செய்யுங்கள்.

வரி வரியாக என்றால் படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, பெட்டிச் செய்தி, சான்றுப் பகுதி, அத்தியாயக் கடைசியில் வரும் காலக்கோடு எல்லாமே சேர்த்துத்தான். ஹம்பி இடிபாடுகளை 1800இல் காலின் மெக்கன்சி வெளிக்கொண்டு வந்தார், மகாநவமி மேடை சுமார் 11,000 சதுர அடி, 40 அடி உயரம் என்பன போன்ற வரிகளிலிருந்து அப்படியே கேள்வி எடுக்க முடியும். பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் படித்த ஆண்டு சில நூல்களில் 1837 என்று இருக்கும், என்சிஇஆர்டியில் 1838. இந்தத் தேர்வுக்கு 1838தான். இரண்டு மூன்று கைடுகளை வைத்துப் படிக்கிற பிள்ளைதான் இப்படிப்பட்ட இடத்தில் குழம்பும்.

கரும்பலகை:

டீச்சர் சொன்னதோடு கேள்வி வடிவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேர்க் கேள்வி குறைவு. பொருத்துக, கால வரிசை, 'அ, ஆ, ஈ மட்டும் சரி' வகை, பத்தி வாசித்து விடை சொல்வது என்று வளைத்து வளைத்துத்தான் வரும்.

ஒரு கால வரிசைக் கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம். அ) கேடா, ஆ) சம்பாரண், இ) ரௌலட் சத்தியாகிரகம், ஈ) பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத் திறப்பு விழாவில் காந்தியின் பேச்சு. நாலு ஆண்டையும் நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் ஒன்றரை நிமிடம் போய்விடும். முதலாவதையும் கடைசியையும் மட்டும் பிடியுங்கள். காந்தி 1915 ஜனவரியில் திரும்பி வந்தார். பனாரஸ் பேச்சு 1916 பிப்ரவரி, ஆகவே அது முதலில். ரௌலட் 1919, அது கடைசி. ஈயில் தொடங்கி இயில் முடிகிற விடைகள் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுதான் மிஞ்சும். இரண்டு மிஞ்சினால் மட்டும் சம்பாரண் 1917, கேடா 1918 என்று நடுவைப் பாருங்கள்.

பொருத்துகவில் இந்தியாவைப் பற்றி எழுதிய வெளிநாட்டுப் பயணிகளான அல்பிரூனி, இப்னு பதூதா, பெர்னியர், துவார்த்தே பார்போசா ஆகிய நால்வரையும் நாட்டோடு சேர்க்கச் சொன்னால், பார்போசா போர்ச்சுகல், பெர்னியர் பிரான்ஸ் என்பதில் யாரும் தவறுவதில்லை. முதல் இருவரிடம்தான் இடறுகிறார்கள். இருவருமே அரபியில் எழுதியதால் மனம் இருவரையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. நூற்றாண்டோடு கட்டி வையுங்கள்: அல்பிரூனி 11, இப்னு பதூதா 14, பெர்னியர் 17. அல்பிரூனியின் கிதாபுல் ஹிந்த் 80 அத்தியாயம், அவர் ஊர் இன்றைய உஸ்பெகிஸ்தான் பக்கம். ரிஹ்லா எழுதிய இப்னு பதூதா மொராக்கோக்காரர். இப்படி ஆளுக்கு நாலு சொல் போதும்.

வைகைக்கரை:

அரசியல் அறிவியலில் வேறு மாதிரிச் சிக்கல். நம் மாநில நூல் சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை என்று அமைப்புகளில் தொடங்கும். அரசியலமைப்புப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்த பிள்ளை அந்தத் தெம்பில் கியூட்டுக்குப் போகும். அங்கே கேட்பது இரண்டே புத்தகங்களை ஒட்டி: சமகால உலக அரசியல், விடுதலைக்குப் பிந்தைய இந்திய அரசியல். பிரிவு எண் கிட்டத்தட்ட உதவாது, நிகழ்வுகளின் வரிசைதான் உதவும்.

ஒரே விஷயத்துக்கு மூன்று ஆண்டு இருக்கிற இடமெல்லாம் கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கான மண்டல் குழுவை அமைத்தது 1979 ஜனவரி, அமல்படுத்துவதாக அறிவித்தது 1990 ஆகஸ்ட், உச்ச நீதிமன்றம் இந்திரா சாஹ்னி வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1992 நவம்பர். மொழிவழி மாநிலத்திலும் அப்படித்தான்: தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு இறந்தது 1952 டிசம்பர், ஆந்திரம் பிறந்தது 1953 அக்டோபர், மாநிலச் சீரமைப்புச் சட்டம் 1956. அந்தச் சட்டத்தால் 14 மாநிலம், 6 யூனியன் பிரதேசம். பெர்லின் சுவர் இடிந்தது 1989, சோவியத் கலைந்தது 1991. இவற்றை அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டினால் பத்து நாளில் மனதில் தங்கிவிடும்.

நம் பிள்ளைகளுக்குச் சாதகமான இடமும் உண்டு. 1965 மொழிப் போராட்டம், 1967இல் திமுக ஆட்சியைப் பிடித்தது, 1987இல் அமைதிப்படை இலங்கை போனது எல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்ட சேதி. அவற்றை மறுபடி மறுபடி படித்து நேரம் போக்காமல் ஐரோப்பிய ஒன்றியம், ஆசியான் பக்கம் திரும்புங்கள்.

புத்தகப்புழு:

தெரியாத கேள்வியை விடுவதா, ஊகிப்பதா? பயிற்சி மையங்களில் நெகட்டிவ் மார்க் என்று பயமுறுத்துகிறார்கள்.

கரும்பலகை:

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு விடையில் கண்ணை மூடி அடித்தால் 100 கேள்விக்குச் சராசரியாக 25 சரி, 125 மார்க். 75 தப்பு, 75 கழியும். மிச்சம் 50. கேள்விக்கு அரை மார்க் லாபம்தான். ஒரு விடையை நீக்க முடிந்தால் கேள்விக்கு 1 மார்க், இரண்டை நீக்கினால் 2 மார்க். ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள்.

செங்கல்பட்டு டீச்சர்:

தம்பி சொல்வது சராசரிக்குச் சரி. ஆனால் பத்துக் கேள்வியை மட்டும் குருட்டாம்போக்கில் அடித்தால், ஒன்றோ பூஜ்யமோ மட்டும் சரியாகி மார்க் கழிகிற வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. இரண்டு சரியானால்தான் 2 மார்க் மேலே நிற்போம். ஊகிப்பதை நானும் தடுக்கவில்லை. ஊகத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளுங்கள் என்பதே என் பேச்சு. நடுவில் ஊகித்தால் அடுத்த பத்துக் கேள்விக்கும் அந்தச் சஞ்சலம் கூடவே வரும்.

நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேள்விக்கு 72 வினாடி. முதல் 35 நிமிடம் தெரிந்தவை, அடுத்த 15 பத்தி வாசிப்பும் நீளமான பொருத்துகவும், கடைசி 10 மிச்சம் மீதி. பத்தியில் கேள்வியை முதலில் படித்துவிட்டு மேலே போங்கள்.

மேசைக்கணினி:

விடை தெரிந்தும் மார்க் போகிற இடம் ஒன்று இருக்கிறது. திரையின் வலது பக்கம் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். விடையைத் தேர்ந்துவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் நேராக அந்த எண்ணைத் தட்டி அடுத்த கேள்விக்குத் தாவினால், தேர்ந்த விடை பதிவாகாது. அவசரத்தில் தாவித் தாவி எழுதுகிறவர்களுக்கு நாலைந்து கேள்வி இப்படியே போய்விடும். 'சேவ்' அழுத்திப் பதிந்த விடைகளோடு, விடை குறித்து மறுபரிசீலனைக்கு என்று அடையாளமிட்டவையும் மதிப்பீட்டில் சேரும். முகமையின் தளத்திலேயே மாதிரித் தேர்வு உண்டு. கைபேசியில் செய்யாமல், மவுஸ் உள்ள கணினியில் மூன்று தடவையாவது செய்து பாருங்கள்.

புத்தகப்புழு:

தமிழ்வழிப் பிள்ளைகள் கேள்வித்தாளைத் தமிழில் கேட்கலாமா? பயாலஜி, கணிதம் எடுத்தவர்கள் வரலாறு ஆனர்ஸுக்குப் போக முடியுமா?

திண்ணைப்பள்ளி:

தமிழ் உட்பட 13 மொழிகளில் கேட்கலாம். ஆனால் என்சிஇஆர்டி நூல் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் படித்த கலைச்சொல் தமிழ்த் தாளில் வேறு உருவத்தில் வந்து நிற்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, பர்மனென்ட் செட்டில்மென்ட் – நிலையான நிலவரித் திட்டம், நான்-அலைன்மென்ட் – அணிசேராமை என்று ஒரு 200 சொல் சேர்த்துவிட்டால் எந்த மொழியில் கேட்டாலும் பயமில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை: முடியும். டெல்லி பல்கலைக்கழகத்தில் வரலாறு, அரசியல் அறிவியல் ஆனர்ஸுக்கு ஒரு மொழித்தாளும் மூன்று பாடத்தாளும் போதும், ஆக மொத்தம் 1000 மார்க். அந்த மூன்றில் வரலாறு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. மொழித்தாளாகத் தமிழையே எழுதலாம். ஆங்கில ஆனர்ஸுக்கு ஆங்கிலமும், பொருளாதார ஆனர்ஸுக்குக் கணிதமும் கட்டாயம். பொறி இங்கேதான்: 12இல் படிக்காத பாடத்தையும் தேர்வு செய்ய முகமை 2025 முதல் விடுகிறது, டெல்லி பல்கலைக்கழகமோ 12இல் படித்த பாடத்தில்தான் கியூட் எழுதியிருக்க வேண்டும் என்கிறது. முகமையின் அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு விண்ணப்பித்தால் மார்க் இருந்தும் இடம் கிடைக்காது. சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டு அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாடங்களை நிரப்புங்கள்.

வைகைக்கரை:

சான்றிதழையும் சொல்லிவிடுங்கள், அண்ணா. நம் ஊரில் வாங்கிய பிசி, எம்பிசி சாதிச் சான்று மத்திய இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் நான்-கிரீமிலேயர் சான்று (வசதி படைத்த பிரிவில் இல்லை என்பதற்கான சான்று) தனியாக, அந்த நிதியாண்டில் வாங்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் கலந்தாய்வுக்குள் கைக்கு வராது. இனிஷியலும் கவனம்: பத்தாம் வகுப்புச் சான்றில் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், இன்னொன்றில் விரிவாக அப்பா பெயர் என்று கிடந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

மேசைக்கணினி:

தேர்வு முடிந்தபின் ஒன்று. தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் உங்கள் விடைப்பதிவையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தப்பான விடை என்று தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், பணம் திரும்ப வராது. என்சிஇஆர்டியின் பக்கத்தையே ஆதாரமாக இணையுங்கள், கைடு பக்கத்தை வேண்டாம். கூட்டிப் பார்த்த மார்க்கும் ரிசல்ட்டில் வரும் மார்க்கும் ஒன்றாக இருக்காது. ஒரே பாடத்தை வெவ்வேறு ஷிப்டில் எழுதுவதால், அந்தந்த ஷிப்டில் நமக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்பதை வைத்துச் சமன்செய்துதான் இறுதி மார்க் போடுகிறார்கள்.