ஈசிஆரில் (சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை), வெளிவட்டச் சாலையில் பந்தய வண்டிகளோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

நீலாங்கரைவாசி எழுதியது:

ஞாயிறு காலை மாமல்லபுரம் போய்ச் சிற்றுண்டி முடித்துத் திரும்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தச் சாலையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோவளம் தாண்டி, முட்டுக்காடு பாலத்துக்குச் சற்று முன்னால், 60 கிலோமீட்டர் வேகத்தில் இடது ஓரமாக பைக்கில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் மனைவி. கண்ணாடியில் தூரத்தில் விளக்குகள் தெரிந்தன. மறுபடி கண்ணாடியைப் பார்ப்பதற்குள் ஒரு வெள்ளைக் கார் வலப்பக்கம் கடந்தது, ஒரு நீலக் கார் இடப்பக்கம் கடந்தது. இடப்பக்கம் என்றால் தார் முடிந்து மணல் தொடங்கும் இடம். அந்த மணல் என் ஹெல்மெட்டில் சடசடவென்று அடித்தது. மனைவியின் துப்பட்டா நுனி காரின் பக்கக் கண்ணாடியில் சிக்கி விடுபட்டிருக்கிறது. "இழுத்தது" என்று மட்டும் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

வேகம்கூட எனக்கு மறந்துவிடும். மறக்காதது வேறு. நீலக் காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது, அதில் செல்போன். முன்னால் ஓடும் வெள்ளைக் காரைப் படம் எடுக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, போன் பின்னோக்கித் திரும்பியிருந்தது. எங்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். இருபது வயதுகூட இருக்காது.

2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். முந்நூறு சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு ஜாமீன் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது வராத கோபம் எனக்கு முட்டுக்காட்டில் வந்தது. கார்க்காரர்களுக்கு நம் உயிர் கணக்கிலேயே இல்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.


வண்டலூர் தம்பி எழுதியது:

அண்ணா, எனக்கு நடந்தது வெளிவட்டச் சாலையில், ஆட்டோ பந்தயத்தில். ஆட்டோ பந்தயம் என்றால் ஆட்டோ மட்டும் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். முன்னும் பின்னும் பைக்கில் பையன்கள் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே வருவார்கள்.

இரவு வேலை முடிந்து நசரத்பேட்டைப் பக்கமிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு பையன் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து, ஒரு கையை விட்டுவிட்டு, உள்ளங்கையைக் காட்டி "நில்" என்றான். நிறுத்தினேன். பின்னால் வந்த பால் வேனும் நின்றது. இரண்டு ஆட்டோக்கள் குலுங்கிக்கொண்டே போயின. ஒன்றின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி இறங்கியது.

என்னை நிறுத்திய பையன் ஹெல்மெட் போடவில்லை. காலில் ரப்பர் செருப்பு, அதிலும் ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அவனுக்கு ஆட்டோ பந்தயத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது. பணம் கட்டியவர்கள் வேறு யாரோ. வண்டி சறுக்கினால் தோல் உரியப்போவது இவன் காலில். அந்த ஊக்கு இப்போதும் நினைவுக்கு வருகிறது.


இருங்காட்டுக்கோட்டை ரசிகன் எழுதியது:

நீலாங்கரைவாசி அவர்களே, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் "கார்க்காரர்கள்" என்று மொத்தமாக எழுதியதை ஏற்க மாட்டேன். அதே ஈசிஆரில் அக்கரை சிக்னலில் நான் நின்றிருந்தபோது, என்னை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டியவை கார்கள் அல்ல, நம் மோட்டார் சைக்கிள்கள். அதில் ஒருவன் என் கைப்பிடியை இடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான், நான் விழுந்தேனா என்று. விழவில்லை என்று தெரிந்ததும் முடுக்கினான். என் அனுபவம் அவ்வளவுதான்.

உயிர் பிழைக்கச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் 60-இல் போகிறீர்கள், அவன் 150-இல் வருகிறான் என்று வையுங்கள். வித்தியாசம் 90 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர். நூறு மீட்டர் தூரத்தில் தெரிந்த கார் நான்கு விநாடியில் உங்கள் மீது இருக்கும். நம் பக்கக் கண்ணாடி வளைந்தது, உண்மைத் தூரத்தைவிட அதிகத் தூரம் காட்டும். ஆகையால் விளக்கு தெரிந்தால் "தூரத்தில்தான்" என்று நினைக்கவே கூடாது. இரண்டு விளக்குகளுக்கு இடையில் உள்ள இடைவெளி விரிந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். விரிகிற வேகம்தான் அவன் வரும் வேகம்.

இடது ஓரத்தை ஒட்டிப் போவது பாதுகாப்பு என்று நம் அப்பாக்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஓரத்தில் போனால் இரண்டு பக்கமும் முந்தலாம் என்று அவனுக்கு நாமே இடம் கொடுக்கிறோம். தடத்தின் நடுவில் போங்கள், அவன் வலப்பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். பின்னால் உட்காருபவர் துப்பட்டாவை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகட்டும். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டை உள்ள ஜாக்கெட் வாங்குங்கள். பின்னால் வேகமாக வருபவனைப் பாலம் வருவதற்கு முன்பே போகவிடுங்கள், பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் வரை போய் அதே சாலையில் திரும்புவதற்குப் பதிலாக, திரும்பும்போது திருப்போரூர் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையைப் பிடியுங்கள்.

வேக ஆசை உள்ள பையன்களுக்கு ஒரு வார்த்தை. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே எதிரில் வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது. வளைவில் தவறினால் சரளைக்கல் படுகை பிடித்துக்கொள்ளும், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். கொடி அசைத்து எச்சரிக்க ஆள் நிற்பார். சென்னைக்குப் பந்தயம் புதிதும் அல்ல. சோழவரம் விமானத் தளத்தில் ஓடிய காலத்திலிருந்தே இந்த ஊருக்கு அது தெரியும். 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடத்தினார்கள், சாலையை முழுதாக அடைத்து, வேலி போட்டு. வேகம் வேண்டுமென்றால் அப்படித்தான் வேண்டும்.


தாம்பரம் அக்கா எழுதியது:

துப்பட்டாவைச் செருகச் சொன்னவருக்கு: செருகலாம், அது நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெண் செய்த தவறு என்ன என்று கேட்பதுபோல அது ஒலிக்கிறது. இழுத்தவன் காரில் போய்விட்டான், அறிவுரை அவளுக்கு வருகிறது.

என் கதை சின்னது. பெருங்களத்தூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் என் ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் ஏற்ற முடியாமல் நின்றேன். மூட்டையும் இருந்தது. ஆரஞ்சு நிற வண்டியில் வந்த ஒரு பையன் இறங்கி, "நான் போடுகிறேன் ஆன்ட்டி" என்று அழகாகத் தூக்கி நிறுத்தினான். எண்ணெய் போட்ட பிறகு இறக்கியும் கொடுத்தான். மூட்டையைக் கால் இடிக்காதபடி திருப்பி வைத்தான். எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன்.

ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். அதே பையன் ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனான். முன்சக்கரம் காற்றில் இருக்கும்போது அவனுக்குத் திருப்பவும் முடியாது, முன் பிரேக்கும் கிடையாது. லாரி ஓட்டுநர் பயந்து இடப்பக்கம் ஒடித்தார், அங்கே நான் இருந்தேன்.

இந்தப் பையன்களைப் பற்றி நீங்கள் எல்லோரும் எழுதும்போது எனக்கு மூட்டையைத் திருப்பி வைத்த அந்தக் கைதான் தெரிகிறது. மோசமான பையனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.


ராயப்பேட்டை மெக்கானிக் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 1980-களின் கடைசியிலிருந்து பட்டறை வைத்திருக்கிறேன். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வந்த காலத்தில் மெரினா காமராஜர் சாலையில் இரவு ஓட்டியவர்களையும் இதே வசவுதான் வைதார்கள். ஆனால் ஆர்எக்ஸ் 100-க்கு 11 குதிரைத்திறன். இன்று கல்லூரிப் பையன் கேட்கும் கேடிஎம் 390 ட்யூக் பைக்குக்கு அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. "எங்கள் காலத்தில் நாங்களும் ஓட்டினோம்" என்று பேசும் பெரியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

என் மனத்தில் நிற்பது இது. ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, வெடிச் சத்தம் போடும் குழாய் மாட்ட வேண்டும் என்றான் மகன். முன்சக்கரத்தைப் பார்த்தேன். பிரேக் பேடில் உராய்வுப் பொருளே இல்லை, இரும்புத் தகடு வட்டில் தேய்ந்து கோடு கோடாகக் கிழித்திருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். மகன் அதைப் பார்க்கவில்லை, அப்பா பார்த்தார். பார்த்துவிட்டு, "குழாயை மாட்டிவிடுங்கள், பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

மாட்ட மாட்டேன் என்றேன். பக்கத்துத் தெருவில் மாட்டிக்கொண்டார்கள், அன்று மாலையே சத்தம் கேட்டது.

இருங்காட்டுக்கோட்டை தம்பிக்கு ஒன்று. தடத்துக்குப் போகச் சொல்வது சரி. தோல் உடை, நல்ல ஹெல்மெட், டயர், தடக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். வண்டலூர் தம்பி சொன்ன ரப்பர் செருப்புப் பையனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? வாயிற்கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு உங்கள் அறிவுரையில் ஒன்றும் இல்லை.


ஞாயிறு சவாரி எழுதியது:

மெக்கானிக் ஐயா சொன்ன அப்பாவுக்குச் சட்டம் தெரியவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில், அனுமதியில்லாமல் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓர் ஆண்டு, 10,000. ஓட்டியவன் 18 நிரம்பாதவன் என்றால் 199ஏ பிரிவு: பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இதைப் பெற்றோர் கூட்டங்களில் படித்துக் காட்ட வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் யார் மீது பாய்கிறது? எங்கள் பைக் குழுவை ஒரு ஞாயிறு காலை ஈசிஆரில் போலீஸார் தடுத்து நிறுத்தினார்கள். வரிசையாக, இடைவெளி விட்டு, விதிப்படி போய்க்கொண்டிருந்தோம். "கூட்டமாக வந்தாலே ரேஸ்தான்" என்றார் ஒருவர். எங்களில் மூத்தவர் அறுபதைக் கடந்தவர், வங்கியில் ஓய்வு பெற்றவர். அவரை நடைபாதை விளிம்பில் உட்கார வைத்தார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நரைத்த தலை வியர்வையில் ஒட்டிப்போய், ஆவணங்களைத் திருப்பிக் கொடுக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் இரண்டு சொகுசுக் கார்கள் உறுமிக்கொண்டு போயின. கையைக் காட்ட ஒருவரும் இல்லை, காட்டினாலும் நிற்கக்கூடிய வேகம் இல்லை.

தாம்பரம் அக்கா, உங்கள் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தவன் என்பதற்காக அவனை மன்னிக்க என்னால் முடியாது. அவனுடைய கணக்கை அந்தப் பெரியவர் நடைபாதையில் உட்கார்ந்து தீர்த்தார்.


தாம்பரம் அக்கா எழுதியது:

மன்னிக்கச் சொல்லவில்லை தம்பி. அவனிடம் யாராவது ஒருவர் பேசியிருந்தால் கேட்டிருப்பான் என்றுதான் சொல்கிறேன். சட்டப் பிரிவு எண் அவன் காதில் ஏறாது.


கோவளத்தான் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல். பின்னால் மீன் பெட்டி. நானும் இரு சக்கரக்காரன்தான், ஆனால் உங்கள் பேச்சில் நாங்கள் எங்கும் வரவில்லை.

ஞாயிறு காலை வலையிலிருந்து மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கேளம்பாக்கம் சந்தைக்குக் கொண்டுபோக நாங்கள் ஈசிஆரைக் குறுக்கே கடக்க வேண்டும். கூடை சுமக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள் நடந்து கடக்கிறார்கள். ஒரு நாள் பாதி கடந்துவிட்டேன். தெற்கேயிருந்து ஒரே மாதிரி ஜாக்கெட் போட்ட பதினைந்து, இருபது பைக்குகள் வந்தன. பந்தயம் இல்லை, நீங்கள் சொல்லும் "விதிப்படி"யாகவே இருக்கலாம். முதல் வண்டிக்காரர் ஒளியைச் சிமிட்டினார், நிற்கவில்லை. அவர் நிற்காததால் பின்னால் வந்தவர்களும் நிற்கவில்லை. நடுக்கோட்டில் நின்றேன். கடைசி வண்டி போன காற்றில் வண்டி சாய்ந்து பெட்டி சரிந்தது. சங்கரா மீன் தார் மேல் சிதறியது, ஐஸ் கட்டிகள் உருண்டோடின. பொறுக்குவதற்குள் பின்னால் ஒரு கார் அதன் மேலேயே ஏறிப் போனது.

பந்தயப் பையன், பெரிய கார், ஞாயிறு சவாரி என்று நீங்கள் பிரித்துப் பேசுகிறீர்கள். நடுக்கோட்டில் நிற்பவனுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஓய்வு பெற்ற ஐயாவுக்கு நடந்தது அநியாயம், அதை மறுக்கவில்லை.

ஊரில் மனு எழுதியிருக்கிறோம். கடக்கும் இடத்தில் வேகத்தடையும் ஒளிரும் விளக்கும் வேண்டும், ஞாயிறு காலை ஐந்து முதல் எட்டு வரை ஒரு காவலர் நிற்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறோம். உங்களில் பலர் ஹெல்மெட்டில் கேமரா மாட்டியிருக்கிறீர்கள். கோவளம் சந்திப்புக்கு அருகில் ஞாயிறு காலை எடுத்த படம் இருந்தால் கொடுங்கள், மனுவோடு சேர்க்க வேண்டும். யார் முகமும் வேண்டாம், வேகம் தெரிந்தால் போதும்.


ஞாயிறு சவாரி எழுதியது:

என்னிடம் படம் இருக்கிறது. எங்கள் குழு அதில் தெரிந்தாலும் பரவாயில்லை, தருகிறேன். மனுவில் கையெழுத்துப் போடவும் வருகிறோம், எந்த நாள் என்று சொல்லுங்கள்.