ஸ்வாப்பை அழித்தேன், இப்போது கிரப் ரெஸ்க்யூவில் நிற்கிறது

பழைய_பெட்டி:
2012 மாடல் லேப்டாப், டெபியன் லினக்ஸ் மட்டும்தான், பழைய பயாஸ். ரேமை 8 ஜிபி ஆக்கியாச்சே, இனி ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி) எதற்கு என்று நேற்று ராத்திரி லைவ் பென் டிரைவில் ஏற்றி பார்ட்டிஷன் பிரிக்கும் ஜிபார்ட்டடில் அந்த எஸ்டிஏ5-ஐ அழித்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மச்சான் ஊருக்குக் கிளம்பும்போது பென் டிரைவையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘நோ சச் பார்ட்டிஷன்’, கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’, அதாவது லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் பாதியிலேயே நிற்கிறது, அவ்வளவுதான். டெபியன் இருந்த எஸ்டிஏ6-ஐ நான் தொடவே இல்லை. டேட்டா போச்சா?

சும்மா_ஒருவன்:
புதிதாக இன்ஸ்டால் பண்ணிவிடுங்கள், அரை மணி நேர வேலை.

கர்னல்_காத்தான்:
வேண்டாம், டேட்டா பத்திரமாக இருக்கிறது. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்கில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு 5-லிருந்து எண் போகும், நடுவில் ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பவை முன்னே நகர்ந்துவிடும், அதாவது உங்கள் 6 இப்போது 5. கிரப் இன்னும் 6-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. ஜிபிடி என்ற புதிய முறை டிஸ்காக இருந்திருந்தால் எண் நகர்ந்தே இருக்காது.

நான் போனில் தமிழ் கீபோர்டில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். முதலில் எல்எஸ், அது பார்ட்டிஷன்களைக் காட்டும். அதில் எம்எஸ்டாஸ்5 என்று வருவதுதான் உங்கள் 5, அதன் உள்ளே பூட் ஃபோல்டர் இருக்கிறதா என்று அதே எல்எஸ்ஸில் அடைப்புக்குறியும் கடைசியில் சாய்கோடும் போட்டுப் பாருங்கள். இருந்தால் செட் பிரிஃபிக்ஸ் என்று அடித்து, சமக்குறி போட்டு, அந்த 5-க்குள் இருக்கும் பூட், அதற்குள் கிரப் வரை முழுப் பாதையையும் கொடுங்கள். அப்புறம் இன்ஸ்மாட் நார்மல், கடைசியாக நார்மல். மெனு வந்துவிடும். ரெஸ்க்யூவில் டேப் வேலை செய்யாது, ஒரு எழுத்து தப்பினாலும் முழுதாகத் திரும்ப அடிக்க வேண்டும், பொறுமையாகச் செய்யுங்கள்.

பழைய_பெட்டி:
அண்ணா, வந்துவிட்டது! மூன்றாவது தடவைதான் சரியாக அடித்தேன். ஆனால் பூட் ஆகும்போது ஏதோ டிஸ்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறது.

கர்னல்_காத்தான்:
அது செத்துப்போன ஸ்வாப்பைத் தேடுகிறது. பூட் ஆகும்போது எந்தப் பார்ட்டிஷனெல்லாம் வேண்டும் என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஸ்வாப் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் போடுங்கள். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் கான்ஃப்.டி ஃபோல்டரில் ரெஸ்யூம் என்று ஒரு ஃபைல் இருந்தால் அதில் ரெஸ்யூம் சமக்குறி நன் (‘ஒன்றுமில்லை’ என்ற ஆங்கிலச் சொல்) என்று மாற்றி அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யூ கொடுங்கள். அதைவிட முக்கியம், ரீபூட் பண்ணுவதற்கு முன்னால் கிரப்-இன்ஸ்டால் செய்ய வேண்டும். இப்போது செய்தது இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்.

வடக்குத்தெரு:
கிரப்-இன்ஸ்டால் முழு டிஸ்கான எஸ்டிஏ-வுக்கு, அதிலுள்ள பார்ட்டிஷனான எஸ்டிஏ5-க்கு இல்லை. எண் போடக்கூடாது. நான் ஒரு தடவை எண் போட்டு, பிளாக்லிஸ்ட் என்று ஏதோ திட்டியதைப் படிக்காமல் ஃபோர்ஸும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு போச்சு. முடிந்ததும் அப்டேட்-கிரப் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

பழைய_பெட்டி:
எல்லாம் செய்தேன். இரண்டு முறை ரீபூட் பண்ணிப் பார்த்தேன், காத்திருப்பும் இல்லை. மச்சானுக்குப் போன் போட்டு அந்தப் பென் டிரைவை ஃபார்மேட் பண்ணிவிடாதே என்றேன், பஸ்ஸிலேயே பண்ணிவிட்டானாம்.