வழுக்கை அரசரும் வியன்னா வட்டமும்: வெறும் சொல் விளையாட்டா?

ஆந்தைக்கண்:
பகுப்பாய்வுத் தத்துவம் (சொற்களையும் வாக்கியங்களையும் தர்க்கத்தால் அலசும் தத்துவம்) என்று ஆறு மாதம் படித்தேன், ஏமாற்றம்தான் மிச்சம். 1905-இல் ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸல் "பிரான்ஸின் இப்போதைய அரசருக்கு வழுக்கை" என்பது உண்மையா பொய்யா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார். பிரான்ஸில் அரசரே கிடையாது ஐயா! நீதி, மரணம் எல்லாம் எங்கே போயின?

மாவடு:
கேலி செய்யும் முன் யோசியுங்கள். வழுக்கைத் தலையர்கள் பட்டியலிலும் அந்த அரசர் இல்லை, முடி உள்ளவர்கள் பட்டியலிலும் இல்லை. அப்போது இரண்டுமே பொய்யா? ரஸ்ஸல் வாக்கியத்தைப் பிரித்துக் காட்டினார்: "ஒரே ஓர் அரசர் இருக்கிறார்" என்ற கூற்று உள்ளே ஒளிந்திருக்கிறது, பொய் அங்கேதான். இல்லாததைப் பற்றிப் பேச முடிவதால் அதற்கும் ஏதோ ஓர் இருப்பு உண்டு என்று இழுக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

ஆந்தைக்கண்:
சரி, ரஸ்ஸலை விடுங்கள். வியன்னாவில் கூடி விவாதித்த தத்துவக் குழுவான வியன்னா வட்டத்தார், கணிதமும் தர்க்கமும் நீங்கலாக, சோதிக்க வழியில்லாத கூற்றுக்கு அர்த்தமே இல்லை என்றார்களே, அந்த விதியை எதை வைத்துச் சோதிப்பது? 1951-இல் அமெரிக்கத் தத்துவவாதி குவைன் வந்து, வாக்கியங்களைத் தனித்தனியாகச் சோதிக்கவே முடியாது, அறிவு மொத்தமாகத்தான் அனுபவத்துக்கு ஈடுகொடுக்கிறது என்றார். கடை மூடியாயிற்று.

மாவடு:
அந்த விதி கூற்றே இல்லை, மொழியை இப்படிப் பயன்படுத்தலாம் என்ற யோசனை என்று வட்டத்தைச் சேர்ந்த கர்னாப் பதில் வைத்திருந்தார். (எனக்கும் அது முழுத் திருப்தி இல்லை.) ஆனால் வியன்னாவில் கடையை மூடியது குவைன் அல்ல. 1934-இல் சோஷலிஸ்டுகள் ஒடுக்கப்பட்டபோது, படங்களால் புள்ளிவிவரத்தைத் தொழிலாளர்களுக்கு விளக்க அருங்காட்சியகம் நடத்திய வட்டத்துக்காரர் நொய்ராத் ஊர் திரும்ப முடியாமல் ஹாலந்து போனார். 1936 ஜூனில் வட்டத்தின் தலைவர் ஷ்லிக்கைப் பல்கலைக்கழகப் படிக்கட்டிலேயே பழைய மாணவன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர் யூதரே இல்லை, ஆனாலும் யூதச் சிந்தனைக்கு வந்த முடிவு என்று எழுதியவர்கள் இருந்தார்கள்.

ஆந்தைக்கண்:
நொய்ராத் சங்கதி புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கர்னாப் போன்றவர்கள் அமெரிக்கா போனதும் அந்த அரசியல் எங்கே ஆவியாயிற்று? அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸ் நீதியைப் பற்றி எழுதிய நூலுக்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே.

மாவடு:
ஐம்பதுகளில் கர்னாப்பையே அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. நோட்டம் பார்த்தது. எவன் வாயைத் திறப்பான்?

ஆந்தைக்கண்:
ஆக்ஸ்ஃபோர்டில் எஃப்.பி.ஐ. இல்லையே! அங்கே தத்துவவாதி ஆஸ்டின், பக்கத்து வீட்டுக் கழுதையைச் சுட்டது 'தவறுதலாகவா', 'தற்செயலாகவா' என்று பிரித்துக்கொண்டிருந்தார். அவரை யார் மிரட்டினார்கள்?

மாவடு:
என் கழுதை என்று நினைத்து உங்கள் கழுதையைக் குறிபார்த்துச் சுட்டால் ஒன்று. என் கழுதைக்கு வைத்த குறி, உங்களுடையது குறுக்கே வந்ததால் பட்டால் வேறொன்று. ஒரு வக்கீலிடம் இதைச் சொல் விளையாட்டு என்று சொல்லிப் பாருங்கள்.