ஜூரி சம்மன் வந்திருக்கிறது: தீபாவளி வாரத்தில் கடையை யார் பார்ப்பது?

தூட்டிங் கடைக்காரன்:
வணக்கம். ஜூரி சேவைக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் பன்னிரண்டு பேரில் ஒருவனாக, வரச் சொல்லித் தபாலில் சம்மன் வந்திருக்கிறது. லண்டனில் பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் குரோய்டன் கிரவுன் நீதிமன்றம். தீபாவளிக்கு முந்தைய திங்கள்கிழமை தொடங்கி இரண்டு வாரம் போய் நிற்க வேண்டும். மளிகைக் கடையை நானும் மனைவியும் மட்டுமே பார்க்கிறோம். அவளுக்கு இது எட்டாவது மாதம். முறுக்கு, அதிரசம் என்று ஆர்டர்கள் குவிவதும் அந்த வாரத்தில்தான்.

என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், நிரந்தர வசிப்புரிமை மட்டும்தான். குடிமகன் அல்லாதவனை எப்படிக் கூப்பிடலாம்? அதைச் சொல்லியே விலக்குக் கேட்கலாமா? கடைக்கு வரும் ஒரு பெரியவர், "ஆங்கிலம் தெரியாது என்று எழுதிப் போடு, விட்டுவிடுவார்கள்" என்கிறார்.

குரோய்டன் அக்கா:
தம்பி, பாஸ்போர்ட் காரணம் எடுபடாது. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்திருக்கிறீர்கள் அல்லவா? இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கே வாக்களிக்கலாம். ஜூரிக்கு ஆள் எடுப்பதும் அதே பட்டியலிலிருந்துதான். 18 முதல் 75 வயதுக்குள் இருந்து, 13 வயதுக்குப் பிறகு தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருந்தால் போதும்.

வேலையைக் காட்டித் தப்பிப்பதும் இப்போது கடினம். 2004க்கு முன் எங்களைப் போன்ற செவிலியர்களும் மருத்துவர்களும் கேட்டாலே விலக்குக் கிடைத்தது. இப்போது நீதிபதிகளுக்கே சம்மன் வருகிறது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
அந்தப் பெரியவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஜூரியிலிருந்து தப்பிக்கப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். பேசாமல் இருந்துவிட்டாலும் 1,000 பவுண்ட் வரை அபராதம். தினமும் ஆங்கிலத்தில் மொத்த வியாபாரிகளோடு பேரம் பேசுகிறவர் ஆங்கிலம் தெரியாது என்று எழுதினால் யார் நம்புவார்கள்? உண்மையிலேயே மொழி புரியாதவர் என்றால் நீதிபதியே விசாரித்து அனுப்பிவிடுவார். அது வேறு விஷயம்.

நீங்கள் கேட்க வேண்டியது விலக்கு அல்ல, தள்ளிவைப்பு. முழு விலக்கு, அடுத்த 12 மாதங்களில் எப்போதுமே வர முடியாதவர்களுக்குத்தான். தள்ளிவைப்பு பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் வழக்கமாக ஒரே ஒரு தடவை. ஆகவே தேதியை யோசித்துக் கொடுங்கள். தீபாவளி முடிந்த கையோடு என்று எழுதினால் பிரசவத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள். ஜனவரியில் பொங்கல் வியாபாரம். மார்ச், ஏப்ரல் என்று போடுங்கள். "கடையில் வேலை அதிகம்" என்று மொட்டையாக எழுதாமல், இருவர் மட்டும் நடத்தும் கடை, மனைவியின் பிரசவ நாள் இது என்று விவரமாக எழுதி, மருத்துவமனைக் கடிதத்தின் நகலையும் சேருங்கள். சம்மன் கைக்கு வந்து ஏழு நாட்களுக்குள் பதில் போய்விட வேண்டும். இணையத்திலேயே அனுப்பலாம்.

தூட்டிங் கடைக்காரன்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. மார்ச்சில் போனாலும் இரண்டு வாரம் வருமானம் போகுமே, அதற்கு ஏதாவது தருவார்களா?

ஓய்வுபெற்ற கணக்கர்:
தருவார்கள், ஆனால் கடை வருமானத்துக்கு ஈடாகாது. நான் 2023இல் போனபோது, முதல் பத்து நாட்களுக்கு இழந்த வருமானத்துக்கான உச்சவரம்பு நாளொன்றுக்கு 64.95 பவுண்ட், நான்கு மணி நேரமோ அதற்குக் குறைவோ இருந்தால் அதில் பாதி. பயணச் செலவும் சாப்பாட்டுக்குச் சிறு தொகையும் தனி. சம்பளக்காரர்களுக்கு முதலாளி படிவம் நிரப்பித் தருவார். சொந்தத் தொழில் செய்கிறவர் வருமானத்துக்குத் தானே ஆதாரம் காட்ட வேண்டும். வரிக் கணக்கின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள். அதைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குரோய்டன் அக்கா:
போனால் உடனே வழக்கில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். பாதி நேரம் காத்திருப்பு அறையில்தான் கழியும், புத்தகம் கொண்டுபோங்கள். ஒரு கூட்டத்தை நீதிமன்ற அறைக்கு அழைத்துப்போய், பெயர்ச் சீட்டுகளைக் கலைத்து எடுத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவரும் எழுந்து அட்டையில் இருக்கும் உறுதிமொழியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கீதை, குர்ஆன், பைபிள் எதன் மீதும் சத்தியம் செய்யலாம். கடவுள் பெயர் வேண்டாம் என்றால் அதற்கும் ஓர் அட்டை உண்டு. நான் ஜூரியாகப் போனபோது என் குரல் நடுங்கியதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் புன்னகைத்தார். ஜூரி அறைக்குள் நாங்கள் என்ன பேசினோம் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். அதை வெளியே சொல்வது குற்றம். என் கணவருக்கே இன்றுவரை தெரியாது, அதில் அவருக்குக் கோபம் வேறு.

தூட்டிங் கடைக்காரன்:
தள்ளிவைத்துவிட்டார்கள்! ஏப்ரலுக்கு மாற்றிக் கடிதம் வந்துவிட்டது. வழக்கு இரண்டு வாரத்தைத் தாண்டினால் என்ன செய்வது என்பது மட்டும்தான் இப்போதைய கவலை.

ஓய்வுபெற்ற கணக்கர்:
நீண்ட வழக்கு என்றால் ஆள் எடுக்கும் முன்பே எத்தனை வாரம் ஆகும் என்று சொல்லி, யாருக்காவது சிரமம் உண்டா என்று கேட்பார்கள். கைக்குழந்தை, இருவர் மட்டும் நடத்தும் கடை என்பதை அப்போது நீதிபதியிடம் சொல்லுங்கள். ஏப்ரல் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள்.