பதில்: 'விகார மச்சம்' – மாற்றுச் சொல் தேவை

> மற்ற மச்சங்களோடு ஒத்துப்போகாத ஒற்றை மச்சத்துக்கு 'விகார மச்சம்' என்றே போட்டுவிடலாமே?

வணக்கம் ஐயா.

'விகார மச்சம்' வேண்டாம். தாராவியில் தோல் பரிசோதனை முகாமுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கப்போகும் துண்டறிக்கை இது. விகாரம் என்று அச்சடித்தால், அப்படியொன்று உள்ளவர் அதை மறைக்கத்தான் பார்ப்பார். 'அக்ளி டக்ளிங்' (அழகற்ற வாத்துக்குஞ்சு) என்ற ஆங்கிலப் பெயரோ வாத்துக்குஞ்சுக் கதை ஒன்றிலிருந்து வந்தது. கதை தெரியாதவருக்கு அது ஒன்றும் உணர்த்தாது. செம்பூர் நண்பரின் 'இனம் சேரா மச்சம்' கருத்தளவில் சரிதான். ஆனால் 'இனம்' என்றதும் நம்மவர் மனம் சாதிக்குப் போய்விடும்.

தோல் புற்றுநோயாக இருக்கக்கூடிய மச்சத்தைக் கண்டுகொள்ள உதவும் இந்த அடையாளத்தைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 1998இல் விளக்கினார்கள். ஒருவர் உடம்பிலுள்ள மச்சங்களுக்குள் ஒரு பொது ஜாடை இருக்கும். அதில் சேராத ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னது. பிள்ளைக்கு அப்பா சாயல், அத்தை சாயல் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆகவே 'சாயல் விலகிய மச்சம்' என் பரிந்துரை. அடையாளத்துக்குச் 'சாயல் விலகல்'.

> சாயல் என்றால் நிறத்தையும் குறிக்குமே?

குறிக்கட்டும். நிறமும் பார்க்க வேண்டியதுதான். ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு கலந்திருப்பது, ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாதது, ஓரம் பிசிறுவது, 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் – எல்லாமே கவனிக்க வேண்டியவை. எல்லாவற்றையும்விட முக்கியம் மாற்றம். சில வாரங்களில், மாதங்களில் வளர்ந்தாலோ, அரித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, புண்ணாகி ஆறாமல் நின்றாலோ தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். பெரும்பாலான மச்சங்களால் ஒரு கெடுதலும் இல்லை என்பதையும் அதே எழுத்தளவில் போடுங்கள்.

'மச்ச பலன்' பார்க்கும் பழக்கத்தை அறிக்கையில் கண்டிக்க வேண்டாம். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் சுண்ணாம்பு வைத்து எரிப்பதையும், முடியால் கட்டி அறுப்பதையும் கட்டாயம் தடுத்து எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் மருத்துவர் மச்சத்தை வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார். எரித்தபின் சோதிக்க என்ன மிஞ்சும்?

இன்னொன்று. வெள்ளைத்தோல்காரர்களுக்கான படங்களில் முதுகும் முழங்காலுமே வருகின்றன. மெலனோமா என்னும் அந்தத் தோல் புற்றுநோய் நம்மிடையே அரிதுதான். வரும்போது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது அதிகம். உள்ளங்காலில் கரும்புள்ளி என்றால் கால் ஆணி என்று பிளாஸ்திரி ஒட்டுவார்கள். நகத்தில் கறுப்புக் கோடு என்றால் கதவிடுக்கில் நசுங்கிய ரத்தக்கட்டு என்பார்கள். ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னே நகர்ந்து வெளியேறும். நகராமல் அங்கேயே நின்று அகலமானாலோ, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு பரவினாலோ உடனே காட்ட வேண்டும். குளித்துவிட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கும்படி ஒரு படம் போட முடியுமா?

அந்தக் கோட்டுக்கு 'நகக் கருங்கோடு' என்று எழுதியிருக்கிறேன். 'நகக் கறுப்பு' போதும் என்று மாட்டுங்கா அக்கா சொல்கிறார். அழுக்கு என்று எண்ணிவிடுவார்களோ என்பதுதான் என் தயக்கம். உங்கள் கருத்து வந்தபின் அச்சுக்குக் கொடுக்கிறேன்.